தவறிய கியர், எல்லை மீறிய ஆர்பிஎம்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மேனுவல் கியர் பாக்ஸ் உள்ள ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்றுவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இன்ஜினைச் சுழற்றியது பெட்ரோலா, சக்கரமா? ஆக்ஸிலரேட்டரை மிதித்ததால் ஏறும் ஆர்பிஎம்மை, அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கையை, ரெவ் லிமிட்டர் என்ற தடுப்பு எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்திப் பிடித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வேகத்துக்குப் பொருந்தாத கீழ்க் கியர் விழுந்து கிளட்சும் பிடித்துக்கொண்டால் நிலைமை வேறு. அப்போது சாலையில் உருளும் சக்கரமே கியர்கள் வழியாக இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. எரிபொருள் முழுவதும் நின்றாலும் அந்தச் சுழற்சி நிற்காது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் தொடங்கும் பழுது பார்ப்பு, ஒன்றுமில்லாத இடத்தில் செலவு வைக்கும், அல்லது உடனே திறந்து பார்க்க வேண்டிய இன்ஜினை ஓட விட்டுவிடும்.

எண்கள் தேவைப்படும் இடங்களில் ஹோண்டா எஸ்2000 காரின் முதல் வடிவமான ஏபி1-ஐ எடுத்துக்கொள்கிறேன். அதன் எஃப்20சி இன்ஜின் 1,997 சிசி கொள்ளளவு கொண்டது. ரெட்லைன், அதாவது அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்சச் சுழற்சி, 9,000 ஆர்பிஎம். ஆறு கியர்களின் விகிதங்கள் 3.133, 2.045, 1.481, 1.161, 0.970, 0.810 என்று மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், லிவரின் சிறு பிசகு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை இந்தக் காரில் தெளிவாகப் பார்க்கலாம்.

மேல் கியருக்குப் பதிலாகக் கீழ்க் கியர் விழுந்தது. முள் சிவப்பைத் தாண்டியது

ஓட்டுநர்கள் மனி ஷிஃப்ட் என்று சொல்லும் இந்த விபத்துதான் எல்லாவற்றிலும் கொடியது. மூன்றாம் கியரில் 9,000 வரை இழுத்து, நான்காவதைப் போடப் போய் இரண்டாவது விழுந்தால், 2.045-ஐ 1.481-ஆல் வகுத்து 9,000-ஆல் பெருக்க, ஏறத்தாழ 12,400 ஆர்பிஎம் வருகிறது. ஐந்தாம் கியரில் 6,500-இல் ஓடும்போது நான்காவதுக்கு இறங்கினால் சுமார் 7,800-தான். அதே கை அசைவில் இரண்டாவது விழுந்தால் 13,700-ஐ எட்டும். ஆர்பிஎம் காட்டும் டேகோமீட்டரில் அந்த அளவுக்கு எண்களே இருப்பதில்லை என்பதால், எந்தக் கியரில் எந்த ஆர்பிஎம்மில் இருந்தீர்கள் என்பதை நினைவுபடுத்தி இப்படிக் கணக்கிடுவதே சரி. கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் முன்பே மீண்டும் மிதித்திருந்தாலோ, பின் டயர்கள் பூட்டிக்கொண்டு சறுக்கியிருந்தாலோ உண்மையான சுழற்சி இதைவிடக் குறைவாக இருந்திருக்கும். ஆகவே கணக்கில் வருவதை மேல் வரம்பாக மட்டும் கொள்ள வேண்டும்.

12,400 என்பது 9,000-ஐவிட மூன்றில் ஒரு பங்கு சற்று அதிகம்தானே என்று எண்ணக் கூடாது. பிஸ்டனும் கனெக்டிங் ராடும் திசை மாறும்போது உண்டாகும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடியில் வளர்கிறது. எனவே ராட் போல்ட்டுகள் தாங்க வேண்டிய இழுவை 1.9 மடங்காகிவிடும். எஃப்20சி-யின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே போகும் தூரம், 84 மி.மீ. என்பதால் 9,000-இலேயே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டியிருக்கிறது. 12,400-இல் அது 35 மீட்டரை நெருங்கும். ஆயினும் பெரும்பாலும் முதலில் தோற்பது வால்வுகளின் பகுதி. வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் லோப் திரும்பிப் போகும் வேகத்துக்கு ஸ்பிரிங்கால் வால்வை மூட முடியாமல் போகிறது. மூடாத வால்வை மேலேறி வரும் பிஸ்டன் முட்டுகிறது. ஏபி1 இன்ஜினில் இதோடு இன்னொரு பலவீனமும் உண்டு. ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் ரிடெய்னர் இத்தகைய அதிர்ச்சியில் விரிசல் விடுகிறது. வால்வுத் தண்டைப் பற்றியிருக்கும் கீப்பர்கள் அதன் துளைக்குள் இறங்கத் தொடங்குகின்றன. இன்ஜின் அப்போதைக்கு ஒழுங்காக ஓடும். பல நாள் கழித்து, எந்தத் தவறும் நடக்காத ஒரு பொழுதில், வால்வு சிலிண்டருக்குள் விழும். “சத்தம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது” என்ற சமாதானத்தை இந்தக் காரில் நான் ஏற்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

தவறு நடந்த கணத்தில் செய்ய வேண்டியவை இரண்டு, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். கிளட்சை முழுவதும் மிதியுங்கள். மிதித்தபடியே லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். கிளட்சை மட்டும் மிதித்து, லிவரைத் தவறான கியரிலேயே விட்டுவைத்தால் இன்ஜின் தப்பிக்கும்; ஆனால் கிளட்ச் டிஸ்க் கியர் பாக்ஸின் உள் தண்டோடு இணைந்திருப்பதால் சக்கரங்கள் அதை அதே 12,000, 13,000 ஆர்பிஎம்மில் சுழற்றிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கின் உராய்வுப் பட்டை பிய்ந்து தெறிக்க அது போதும். பின் சக்கர டிரைவ் காரில் இந்த நேரத்தில் பின்பக்கம் வீசும் என்பதையும் எதிர்பார்த்து ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு, ஓரம் கட்டி, இன்ஜினை அணையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். லேசாக வளைந்த வால்வு இரண்டாவது ஓட்டத்தில் உடையலாம்.

பட்டறையில் பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, இன்ஜின் இயல்பாகச் சுழலும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்றில்தான் எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடும். எங்கேனும் கெட்டியாகத் தட்டினால் வலிந்து சுற்றாமல் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு பிளக் துளை வழியே சிறு கேமராவை இறக்கி பிஸ்டன் தலையைப் பாருங்கள். வால்வு முட்டியிருந்தால், கரி படிந்த பரப்பில் பிறை வடிவத்தில் பளபளப்பான புதுத் தழும்பு தெரியும். அடுத்து, வெறும் கம்ப்ரெஷன் சோதனையோடு நில்லாமல், சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் லீக் டவுன் சோதனையும் செய்ய வேண்டும். கம்ப்ரெஷன் எண் ஒரு சிலிண்டர் பலவீனம் என்று மட்டும் சொல்லும்; லீக் டவுன் காற்று எங்கே போகிறது என்பதையும் காட்டிவிடும். காற்று உள்ளிழு குழாயில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

இதற்குப் பின் வால்வு கவரைத் திறக்க வேண்டும். எஃப்20சி-யில் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை), சிலிண்டர் ஹெட் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும், இன்டேக்குக்கு 0.21 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.25 முதல் 0.29 மி.மீ. ஒரே ஒரு வால்வில் மட்டும் இடைவெளி திடீரென்று அகன்றிருந்தால், அந்த வால்வு வளைந்து தன் இருக்கையில் முழுமையாக அமரவில்லை என்று ஐயுறலாம். ஆனால் இடைவெளி சரியாக இருப்பது ரிடெய்னருக்கு நற்சான்று ஆகாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பதினாறு வால்வுகளிலும், ரிடெய்னரின் மேல் பரப்போடு ஒப்பிடும்போது கீப்பரும் தண்டின் நுனியும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் வரிசையாக ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் கீப்பர் உள்ளே அமிழ்ந்தது போலத் தெரிந்தால் அந்த ரிடெய்னர் போய்விட்டது. ஒன்று போயிருந்தாலும் பதினாறையும் மாற்றிவிடுவதே நல்லது. எஸ்2000-இன் பின்வந்த வடிவமான ஏபி2-இன் இன்ஜினில் உள்ள ரிடெய்னர், கீப்பர்களைப் போடுவது இந்தக் கார்களில் வழக்கமான தீர்வு.

கடைசியாக இன்ஜின் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளைத் தடவிப் பாருங்கள். செம்பு நிறமோ வெள்ளி நிறமோ கொண்ட செதில்கள் இருந்தால் பேரிங் அடிபட்டிருக்கிறது. இவை அனைத்திலும் தேறிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கியர் விழவே இல்லை. இரு கியர்களுக்கு நடுவில் இன்ஜின் அலறியது

லிவர் நியூட்ரலில் நின்றுபோய், ஆக்ஸிலரேட்டரில் கால் இருந்ததால் ஆர்பிஎம் லிமிட்டரைத் தொட்டிருந்தால் கவலை குறைவு. லிமிட்டர் இதற்காகவே இருக்கிறது. பாரம் இல்லாத இன்ஜின் விருட்டென்று ஏறுவதால் எல்லையைச் சற்றே தாண்டி நிற்கலாம். ஒன்றிரண்டு தடவை இப்படி நிகழ்வதை ஆரோக்கியமான இன்ஜின் தாங்கும். ஆனால் இது அடிக்கடி நடந்தால், கையைக் குறை சொல்வதற்கு முன் அடுத்து வரும் இரு பகுதிகளையும் பார்த்துவிட வேண்டும். தேய்ந்த பாகத்தோடு பழகிய கை, வேகமாக மாற்ற வேண்டிய நேரத்தில் ஒருநாள் தவறான கியரின் வாயிலைத் தேடிப் போகும்.

எப்போதும் ஒரே தவறான கியர், அதுவும் வளைவுகளில்

இந்த அறிகுறிக்குள் ஓட்டுநரும் இயந்திரமும் பின்னிக் கிடப்பதால் இங்கே பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வழக்கமான ஆறு கியர் அமைப்பில் 1-2 வரிசை இடப்புறம், 3-4 நடுவில், 5-6 வலப்புறம். வலது வளைவில் கார் திரும்பும்போது ஓட்டுநரின் உடலும் கையும் இடப்புறம் தள்ளப்படுகின்றன. அந்த நேரத்தில் மூன்றிலிருந்து நான்குக்கு லிவரை இழுத்தால், கை தன்னையறியாமல் அதை 1-2 வரிசைப் பக்கம் சாய்த்துவிடும். பின்னால் இழுத்தால் அங்கே காத்திருப்பது இரண்டாவது கியர். இடப்பக்க ஸ்டீயரிங் காரில் நேர்ச்சாலையிலும் இந்த ஆபத்து உண்டு. கையைப் பின்னால் இழுக்கும்போது முழங்கை மடங்கி லிவரைத் தன் உடல் பக்கம் கொண்டுவருவது இயல்பு, அந்தப் பக்கத்தில்தான் 1-2 வரிசை இருக்கிறது.

இதோடு இயந்திரமும் நகர்கிறது. எஸ்2000, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றில் லிவர் கியர் பாக்ஸின் மேலேயே நிற்பதால், இன்ஜினையோ கியர் பாக்ஸையோ தாங்கும் ரப்பர் மவுண்ட் தளர்ந்தால் லிவரும் சேர்ந்து இடம் மாறும். ஓட்டுநர் கையை வைக்கும் இடத்தில் வாயில் இருக்காது. பிஎம்டபிள்யூ எம்3-இன் இ36, இ46 வடிவங்களில் லிவரைத் தாங்கும் கையின் பின்முனை காரின் உடலோடும் முன்முனை கியர் பாக்ஸோடும் இணைந்திருப்பதால், மவுண்ட்டுகளும் இடையிலுள்ள புஷ்களும் சேர்ந்து தேயும்போது நிலைமை இன்னும் மோசமாகும். போர்ஷே 911-இன் 996, 997 வடிவங்கள் போன்றவற்றில் கேபிள்கள்தான் வேலை செய்கின்றன. அங்கே கேபிள் முனைகளையும் அவற்றின் சரிசெய் அளவையும் பார்க்க வேண்டும்.

மவுண்ட்டைச் சோதிக்க எளிய வழி ஒன்று: மூன்றாம் கியரில் நிதானமாக ஓடும்போது, லிவரைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விட்டு அழுத்தி விட்டுப் பாருங்கள். லிவர் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் ஆடினால் மவுண்ட் தளர்ந்திருக்கிறது. பிறகு காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரைப் போட்ட நிலையில் லிவரின் குமிழைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கியர் விழுந்த பின்னும் தாராளமாக ஆடினால் புஷ் தேய்ந்தது. எம்எக்ஸ்-5-இன் முதல் இரண்டு தலைமுறைகளின் ஐந்து கியர் பெட்டியில் லிவரின் அடியில் கியர் பாக்ஸ் ஆயிலிலிருந்து தனியான ஒரு சிறு ஆயில் குழி இருக்கிறது. உள்ளிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து அந்த ஆயில் குறைந்தால் லிவர் கரகரக்கும், உராயும், சூடும் சத்தமும் மேலே வரும். செலவு அதிகம் வைக்காத இந்த வேலையைப் பலர் பார்ப்பதே இல்லை.

இயந்திரம் சரி என்று உறுதியான பிறகு கையைத் திருத்தலாம். குமிழை முஷ்டியாகப் பிடித்து இழுக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டொழிக்க வேண்டும். 3-4 வரிசைக்கு லிவரை இழுத்துவருவது உள்ளிருக்கும் ஸ்பிரிங்கின் வேலை. உங்கள் விரல்கள் நேர் பின்னால் இழுக்கவோ உள்ளங்கை நேர் முன்னால் தள்ளவோ மட்டும் செய்தால் போதும். இருக்கை தளர்வாகப் பிடித்து, உடல் வளைவில் சரிந்து, ஸ்டீயரிங்கையும் லிவரையும் பிடிமானமாகக் கொள்ளும் ஓட்டுநருக்கு இது எளிதில் வராது. அவருக்கு முதல் தீர்வு சரியான சீட்டும் பெல்ட்டும்தான். கியர் இறக்குவதற்கு முன் பிரேக்கில் வேகத்தைக் குறைக்கும் ஒழுங்கும் இதில் சேரும். எஸ்2000-இல் இரண்டாவது கியரின் உச்சம் மணிக்கு ஏறத்தாழ 105 கி.மீ., மூன்றாவதின் உச்சம் ஏறத்தாழ 150 கி.மீ. உங்கள் காருக்கு இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்திருங்கள். அவற்றுக்கு மேலான வேகத்தில் அந்தக் கியரை நோக்கிக் கை போகவே கூடாது.

கியர் கரகரக்கிறது, அல்லது உள்ளே போக மறுக்கிறது

எல்லாக் கியர்களிலும் நடந்தால் கிளட்ச், ஒரே கியரில் நடந்தால் சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகங்களைப் பொருத்தும் வளையம்): தொடக்கக் கணிப்பாக இது பெரும்பாலும் பொய்க்காது. கிளட்ச் முழுவதும் விடுபடுகிறதா என்று பார்க்க, காரை நிறுத்தி, இன்ஜின் ஐடிலில் இருக்க, கிளட்சை முழுவதும் மிதித்து ஐந்தாறு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். உள் தண்டு அதற்குள் நின்றிருக்க வேண்டும். இன்னும் கரகரத்தால் டிஸ்க் ஃப்ளைவீலோடு உரசிச் சுழல்கிறது. இன்ஜினை அணைத்தால் எல்லாக் கியர்களும் வழுக்கிக்கொண்டு விழுகின்றன என்றால் ஐயமே இல்லை. அப்போது பார்க்க வேண்டியவை: பெடலுக்கு அடியில் மடிந்து கிடக்கும் தரை விரிப்பு (இது அற்பமாகத் தோன்றினாலும் முதலில் இதையே பாருங்கள்), பெடலின் வெற்றாட்டம், பழையதாகிக் கறுத்த பிரேக் ஆயில், லைனில் சிக்கிய காற்று, கியர் பாக்ஸ் பக்கத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் சற்றே விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும். சாதாரண வேகத்தில் ஒழுங்காக இருந்து, 7,000-க்கு மேல் மட்டும் மறுக்கும் கியரிலும் இதே சோதனைகளைச் செய்யலாம். பாதி விடுபட்ட கிளட்ச் உயர் ஆர்பிஎம்மில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

ஒரே கியர் கரகரத்தால், அந்தக் கியரை இரட்டைக் கிளட்ச் முறையில் போட்டுப் பாருங்கள்; அதாவது நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, ஆர்பிஎம்மைப் பொருத்தி, மீண்டும் மிதித்துப் போடுங்கள். அப்படிச் செய்கையில் சத்தமின்றி விழுந்தால் சிங்க்ரோ வளையம் தேய்ந்ததே காரணம். கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் ஆயிலை மாற்றிப் பார்ப்பது தகும். ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 தரம் ஊற்றப்பட்டிருந்தால், அதிலுள்ள கூடுதல் அழுத்தச் சேர்மானங்கள் பித்தளை வளையத்துக்கு ஒத்துப்போகாமல் போகலாம். வளையம் கவ்வ வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். எஸ்2000-க்கு ஹோண்டாவின் எம்டிஎஃப் என்ற சொந்த ஆயிலே சொல்லப்பட்டிருக்கிறது.

கியர் விழுந்தது, ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இது கிளட்ச் வழுக்கல். மிஸ் ஷிஃப்ட் (தவறிய கியர்) என்று தவறாக எண்ணப்படுவதால் இங்கே சேர்க்கிறேன். காலியான நேர்ச்சாலையில் ஐந்தாம் கியரில் 2,500-இல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். முள் மட்டும் தனியே மேலேறி, வேகம் அதே இடத்தில் நின்றால் முடிவு தெரிந்துவிட்டது. ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஃப்ளைவீல் காய்ந்து கருகும். டிஸ்க் தேய்ந்திருக்கலாம், கிராங்க்கின் பின் சீல் கசிந்து ஆயில் படிந்திருக்கலாம். புதிதாகச் சரிசெய்த பெடலில் வெற்றாட்டமே இல்லாமல் போயிருந்தாலும் கிளட்ச் முழுவதும் பிடிக்காது. அது ஸ்பேனரைத் திருப்பினால் தீரும் வேலை.

போட்ட கியர் தானே வெளியே வருகிறது

ஆக்ஸிலரேட்டரை விடும்போது லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்தால், கியரைத் தண்டோடு பூட்டும் ஸ்லீவின் பற்களோ, அவை கவ்வும் கியரின் சிறு பற்களோ மழுங்கியிருக்கின்றன, அல்லது ஸ்லீவை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் வளைந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கக்கூடியது ஒன்றே: அளவுக்கு மீறிக் கனமான குமிழ், தடித்த ரப்பர் பூட், தளர்ந்த மவுண்ட் ஆகியவை லிவரை இழுக்கின்றனவா என்பது. அவை இல்லையென்றால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். லிவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது ஃபோர்க்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

முதலிலிருந்து இரண்டுக்கு இழுத்தால் நான்காவது விழுகிறது

செவர்லே கார்வெட் போன்ற சில அமெரிக்க கார்களில் இது பழுதே அல்ல. இன்ஜின் சூடாகி, மிதமான ஆக்ஸிலரேட்டரில், மணிக்கு 25 முதல் 30 கி.மீ. அளவில் ஓடும்போது, எரிபொருள் சிக்கனத்துக்காக ஒரு சோலனாய்டு இரண்டாவதின் வழியை அடைத்து லிவரை நான்காவதுக்குத் திருப்பிவிடும். சற்று அதிகமாக மிதித்து முடுக்கினால் அந்தத் தடை வராது.

எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை, ஆனால் கார் பழையது

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறவருக்கு, முந்தைய கையில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு சிலிண்டர் மட்டும் தடுமாறுகிறதா, வால்வு கவரின் அடியில் ஒரே இடத்திலிருந்து டிக் டிக் என்று வருகிறதா என்று கேளுங்கள். மேலே சொன்ன லீக் டவுன் சோதனையை வாங்குவதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். ஏபி1 என்றால் வால்வு கவரைத் திறக்க அனுமதி கேளுங்கள். மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

போர்ஷே வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கும். இன்ஜின் கணினியே ஆர்பிஎம் மீறல்களைப் பதிந்து வைக்கிறது. 911-இன் 996, பாக்ஸ்டரின் 986 கார்களில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை ரெவ் லிமிட்டரைத் தொட்டது, இரண்டாவது அதையும் கடந்தது, அதாவது சக்கரம் சுழற்றியது. அவற்றின் அடுத்த தலைமுறைகளான 997, 987 கார்களில் இதையே ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கீழ் நிலைகளில் பெரிய எண்கள் இருந்தாலும் அது சுறுசுறுப்பாக ஓட்டப்பட்ட கார் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. நான்காவதிலிருந்து மேலுள்ள நிலைகளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். பதிவாகும் எண்ணிக்கை சம்பவங்களின் எண்ணிக்கை அல்ல, தீப்பொறிகளின் எண்ணிக்கை. ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று தீப்பொறி என்பதால் 8,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 400 சேரும். ஆகவே ஐந்தாம் நிலையில் 200 என்று கண்டால், அது இருநூறு தவறுகள் அல்ல, அரை நொடிக்கும் குறைவான ஒரே தவறாக இருக்கலாம்.

அதே பதிவில், ஒவ்வொரு நிலையும் கடைசியாக எந்த ஓட்ட மணியில் எட்டப்பட்டது என்பதும் இருக்கும். மொத்த ஓட்டம் 1,400 மணி, மேல் நிலைப் பதிவு 500-ஆவது மணியில் என்றால், அதற்குப் பிறகு 900 மணி அந்த இன்ஜின் உழைத்திருக்கிறது. நல்ல லீக் டவுன் அளவும் சேர்ந்தால் அச்சமின்றி வாங்கலாம். பதிவு 1,398-ஆவது மணியில் என்றால் காரை ஏன் விற்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். ஓடிய கிலோமீட்டரை மொத்த மணியால் வகுத்தும் பாருங்கள். சாதாரணப் பயன்பாட்டுக்கு அது மணிக்கு 40, 50, 60 கி.மீ. என்ற அளவில் வரும். 150 என்று வந்தால், இன்ஜின் கணினி இடையில் மாற்றப்பட்டிருக்கலாம், அப்படியானால் நீங்கள் பார்க்கும் பதிவு அந்த இன்ஜினின் முழு வரலாறு அல்ல.